கூடை ஏறினால் வருபவர்

தேசப்பனை எதிரில் கண்டால் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். விரோதம் எதுவும் கிடையாது. ராயபுரத்தில் எங்கள் குப்பத்துக்குள் அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. அதிர்ந்து பேசமாட்டார், குடிக்கமாட்டார், அடுத்தவர் சண்டைக்குள் மூக்கை நுழைக்கமாட்டார். ஆனால் கடலுக்குப் புறப்படுகிற நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் அன்றைக்குக் கட்டுமரம் தண்ணீரில் இறங்காது. எங்கள் வழக்கம் அப்படி.

எல்லாம் அவர் பார்த்த வேலையால் வந்தது. துறைமுகத்தில் உயரமாக ஒரு கொடிமரம் உண்டு. கடலில் எங்கேயாவது புயல் கிளம்பியதாகத் தந்தி வந்தால் அதில் பெரிய கறுப்பு உருண்டை ஒன்றை ஏற்றுவார்கள். பிரம்பில் பின்னி மேலே கித்தான் போர்த்தியது. எங்கள் கரையிலிருந்து பார்த்தால் மீன்கூடையைக் கட்டித் தொங்கவிட்டாற்போல் இருக்கும். அதனால் எங்களுக்கு அது கூடை. கூடை ஏறினால் கப்பல்காரர்கள் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடுவார்கள். அது கப்பல்களுக்கான ஏற்பாடு. நாலு மரத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவனுக்கு யார் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. சட்டத்தில் எழுதாத பாரத்தை யார் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள்?

ஆகவே எங்கள் பஞ்சாயத்தே ஒரு ஆளை வைத்துக்கொண்டது. தினமும் கொடிமரத்தைப் பார்த்து வரவேண்டும். கூடை ஏறியிருந்தால் குப்பம் முழுக்கத் தமுக்கு அடிக்கவேண்டும். அதற்காக ஒவ்வொரு கட்டுமரத்திலிருந்தும் ஒரு கை மீன். எம்டன் கப்பல் பட்டணத்தைச் சுட்டுவிட்டுப் போன மறுவருஷம், கரையேறும்போது அலை திருப்பிப் போட்டதில் மரம் உருண்டு தேசப்பனின் முழங்கால் நொறுங்கிப்போயிற்று. இனி கடல் வேலைக்கு ஆகாது என்றானதும் பஞ்சாயத்தார் தமுக்கை அவர் கையில் கொடுத்தார்கள். தர்மமாகத்தான் கொடுத்தார்கள்.

தர்மம் எப்படிக் கெட்டது என்று கேட்டால் எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவர் தெருவில் விந்தி விந்தி வந்தாலே பெண்கள் அடுப்பை விட்டு எழுந்து வந்து, "இன்னா, கூடை ஏறிட்ச்சா?" என்பார்கள். இல்லை, சும்மாத்தான் வந்தேன் என்றால், அப்படியானால் எதற்கு வந்தாய் என்கிற மாதிரி ஒரு பார்வை. கொஞ்ச நாளில் அவர் சும்மா வருவதை விட்டுவிட்டார். எப்போதாவது வருகிறவர் என்றால் கெட்ட சேதியோடு வருகிறவர் என்றாயிற்று. மீனைக்கூட அவர் கையில் கொடுக்கமாட்டோம். மணலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம், அவர் பிறகு வந்து எடுத்துக்கொள்வார். கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு போகும், ஆனால் மனுஷர் வராமலிருந்தால் நல்லது என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பெண்டாட்டி முன்னமே தவறிவிட்டாள். ஒரே மகள் வேம்பு. அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டதென்றால் அது அவள் சத்தம்தான். அப்பாவோடு கொடிமரம் வரை போய் வருவாள். வழியெல்லாம் எதையாவது வம்பளந்துகொண்டே வருவாள். அவளை எண்ணூர்ப் பக்கம் புன்னங்குப்பத்துத் தண்டபாணிக்குக் கேட்டு வந்தார்கள். நல்ல பையன், சொந்த வலை, சொந்த மரம். பையனின் தாய் குப்பம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பொண்ணு தங்கம். ஆனா அவுங்க நைனா எங்க கரைல காலு வெக்கக் கூடாது. எம்புள்ள தெனம் கடலுக்குப் போறவன். நானும் இவளை அங்க அனுப்ப மாட்டேன்."

வேம்பு கல்யாணமே வேண்டாம் என்று அழுதாள். தேசப்பன் அவளை அதட்டிவிட்டு, எல்லையம்மன் கோவிலில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்துகொடுத்தார்: அந்தக் குடும்பத்தார் கண்ணில் படமாட்டேன். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் நடந்தது. நாங்கள் எல்லாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். போகும்போது தேசப்பன் திருவொற்றியூர் வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார். பிறகு, "நீங்க போங்கப்பா, கொடிமரம் பாக்கணும்" என்று திரும்பிவிட்டார். அன்றைக்கு மாசி மாசம், வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. கொடிமரத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

அதற்கப்புறம் அவர் பேசியது கொடியேற்றும் லஸ்கர் அத்தாவுல்லாவோடு மட்டும்தான். கொடிமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு இவர் வீட்டுக்கு வந்து தனக்குத்தானே ஒரு உலை வைத்துக்கொள்வார்.

சில வருஷம் கழித்து, ஐப்பசியில் ஒருநாள் காலை கூடை ஏறியது. தேசப்பன் எங்கள் குப்பத்தில் தமுக்கடித்தார். நாங்கள் மரங்களைப் பிரித்து மேட்டில் ஏற்றினோம். புயல் வடக்கே பொன்னேரிப் பக்கம் பார்த்து வருகிறது என்று அத்தாவுல்லா சொல்லியிருந்தார்.

"அப்போ எண்ணூர்க்காரனுக்கு யார் பாய் சொல்லுவா?"

"நம்ம கையில இன்னா கீது நைனா? அது வேற ஜில்லா. கலெக்டருக்குத் தந்தி போவும், அங்கிருந்து தாலுகா கச்சேரிக்குப் போவும், அப்பால தலையாரி போய்ச் சொல்லுவான்."

தேசப்பன் தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போனார். எண்ணூரில் இறங்கி மணலில் அந்தக் காலை இழுத்துக்கொண்டு புன்னங்குப்பம் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, கடல் படுத்துக் கிடக்கிறது, நெத்திலி கரையோரமாகத் திரண்டு வந்திருக்கிறது. அந்த ஊரே வலையைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. புயலுக்கு முன்னால் கடல் இப்படிக் கொஞ்சம் கொஞ்சும். எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் நெத்திலியைப் பார்த்துவிட்டால் அறிவு எங்கே நிற்கிறது?

தமுக்கைத் தட்டிச் சொன்னார். அந்த ஊர்த் தலைவர் நாட்டார் நீலமேகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"உங்க ஊரு கூடை உங்க ஊருக்கு. எங்களுக்குக் கச்சேரிலேர்ந்து தலையாரி வரணும். வந்தானா? வர்ல. வழிய வுடு."

நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தார்களே ஒழிய ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டும் மணலைப் பார்த்துக்கொண்டும் மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தேசப்பனுக்கு உறைத்தது. அவர் சொல்லுக்குத்தான் மதிப்பில்லை. முகத்துக்கு இருந்தது.

தமுக்கைக் கீழே போட்டார். நேரே போய் அலை வந்து திரும்புகிற இடத்தில், கட்டுமரங்களுக்கு முன்னால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொருத்தனாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பேர் தெரியாதவனை "டேய், இங்க பார்றா" என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரால் நிமிராமல் இருக்க முடியும்? நிமிர்ந்தவன் துடுப்பைக் கீழே போட்டான். "தண்டபாணி!" என்று அவர் கத்தியபோது மருமகனும் நிமிர்ந்து பார்த்தான். குப்பம்மா ஓடி வந்து மண்ணை வாரி அவர்மேல் வீசினாள். சத்தியத்தைத் தின்றுவிட்டாயே பாவி என்று அலறினாள். அவர் நகரவில்லை. அன்று அந்த ஊரில் ஒரு மரம்கூட இறங்கவில்லை.

பொழுது சாய்கிறதற்குள் காற்று வந்துவிட்டது. குடிசைகள் போயின, வலைகள் போயின, கோவில் வேப்பமரம் வேரோடு போனது. மனுஷர்கள் எல்லாரும் இருந்தார்கள். வடக்கே அடுத்த குப்பத்தில் கடலுக்குப் போனவர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். காற்று ஓய்ந்து, ஜனங்கள் ஓலை பொறுக்கிக்கொண்டிருக்கும்போது தலையாரி வியர்க்க விறுவிறுக்க வந்து, புயல் வரப்போகிறது, ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டுப் போனானாம். அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். வழியில் ஆறு கரைபுரண்டு கிடந்தது.

பிறகு அந்த ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. புயலைக் கூட்டிக்கொண்டு வந்ததே அந்த ஆள்தான் என்று பாதிப் பேர். அவர் வராவிட்டால் இப்போது பேசுவதற்கு நீயே இருந்திருக்கமாட்டாய் என்று மீதிப் பேர். கடைசியில் நீலமேகம் தீர்ப்புச் சொன்னார். கூடை ஏறினால் தேசப்பன் வந்து கரையில் நிற்கவேண்டும். அவரைக் கண்டதும் ஊர் மரத்தை ஏற்றிவிடும், தலையாரிக்குக் காத்திருக்காது. அன்றைக்கு அவர் ஊர்ப்பணிக்கு வந்தவர். அம்மன் கோவிலில் உட்காரலாம், மகள் கஞ்சி கொண்டுவந்து கொடுக்கலாம். மற்ற நாட்களில் பழைய சத்தியம் அப்படியே இருக்கும்.

இந்த ஏற்பாட்டை எல்லாரும் மெச்சினார்கள். நிவாரண அரிசி கொடுக்க வந்த அதிகாரிகூட, ஜனங்களே நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றாராம். நல்ல வழிதான். ஒரு மனுஷர் தன் மகளைப் புயலடித்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் பார்க்கக்கூடாது. இந்த வழியைக் கண்டுபிடித்த மகான்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு அவ்வப்போது கூடை ஏறியது. பேத்தி அம்முவை அவர் புயலுக்குப் புயல்தான் பார்த்தார். முதல் தடவை வேம்பு மார்போடு அணைத்துக் கொண்டுவந்து காட்டினாள். அடுத்த தடவை மணலில் தத்தித் தத்தி ஓடி வந்து, அவர் காலைக் கட்டிக்கொண்டது. அதற்கடுத்த தடவை, "கூடைத் தாத்தா" என்று கூப்பிட்டது. ஊரே வானத்தைப் பார்த்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற நாளில் வேம்பு மட்டும் தலை சீவிப் பூ முடிந்துகொண்டு கஞ்சிச் சட்டியோடு ஓடி வருவாள். குப்பம்மா திட்டுவாள், இவள் காதில் விழாது.

அவரும் மாறினார். தினமும் காலையில் கொடிமரத்தடிக்குப் போய், "இன்னா பாய் இன்னிக்கி?" என்று கேட்பார். "அல்லா புண்ணியத்துல ஒண்ணுமில்ல நைனா" என்று அத்தாவுல்லா சொல்லும்போது அவர் முகம் தொங்கிப்போகும். ஒருநாள் அவரே சொல்லியிருக்கிறார்: "பாய், நான் கலீஜான மனுசன் பாய். காலைல எந்திரிச்சதும் கூடை ஏறியிருக்கணும்னு நெனப்பு வருது. அப்பால நெஞ்சு அடிச்சிக்குது, எத்தினி புள்ளைங்க கடல்ல கீதுன்னு." அத்தாவுல்லா பீடிக்கட்டை எடுத்து நீட்டினார்.

ஒரு தை மாசம் காத்தூன் பீவி வந்தாள். புன்னங்குப்பத்தில் கருவாடு வாங்கி ராயபுரத்தில் விற்கிறவள். வேம்புவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து அன்றே தவறிவிட்டதென்றும், பெண் சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்றும் சொன்னாள். தேசப்பன் அவள் மூலமாகவே நாட்டாரிடம் உத்தரவு கேட்டு அனுப்பினார். ஒரே ஒரு தடவை, வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்று. பதில் வந்தது: "கூடை ஏறட்டும்."

தை மாசத்தில் எங்கே கூடை ஏறும்? அவர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் காலையில் ரயிலேறிவிட்டார்.

அவரைத் தூரத்தில் கண்டதுமே புன்னங்குப்பத்தில் கூச்சல் கிளம்பியது. அப்போதுதான் தள்ளின மரங்களையெல்லாம் திரும்ப இழுத்தார்கள். குழந்தைகளை உள்ளே விரட்டினார்கள். அவர் வாயைத் திறக்கவேயில்லை. கோவிலடியில் போய் உட்கார்ந்தார். படுக்கையிலிருந்து எழுந்து வேம்பு வந்தாள். அன்றைக்கு நடந்ததை அவளே பின்னால் என்னிடம் சொல்லியிருக்கிறாள். கொடிமரத்தைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா? வானத்தை ஒரு தரம் பார்த்தாள், கடலை ஒரு தரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நைனா, கூடை ஏறிச்சா?"

"இல்லம்மா."

அவள் அவர் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். பிள்ளை போனதிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்ததாம். சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். ஊர் முழுக்க வேலையற்று உட்கார்ந்து, வராத புயலைத் திட்டிக்கொண்டிருந்தது. தண்டபாணி தன் மரத்துக்கு இன்னொரு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே வேம்பு சொன்னாள்.

"இனிமே இப்டி வராத நைனா. ரெண்டு வாட்டி இப்டி ஆச்சின்னா, நெசமா ஏறுற அன்னிக்கி இவுங்க ஒன்னப் பாத்தும் போய்டுவாங்க. அவுரும் போய்டுவாரு."

"தெரியும்மா. வரல."

"நெசமா ஏறுற அன்னிக்கி வா."

"வரேன்."

புயல் வடக்கே திரும்பி நெல்லூர்ப் பக்கம் போய்விட்டது என்று நாட்டாரிடம் சொல்லிவிட்டு மாலை ரயிலில் வந்துவிட்டார். அவர்களும் நம்பினார்கள். புயல் அப்படித் திரும்புவது உண்டு.

அந்த வருஷம் கூடை ஏறவில்லை. அடுத்த வருஷமும் ஏறவில்லை. கடலும் அள்ளிக் கொடுத்தது. இரண்டு ஊரிலும் அம்மனுக்கு ஆடு வெட்டி, இப்படி ஒரு நல்ல காலம் வந்ததே இல்லை என்று பேசிக்கொண்டோம். தேசப்பன் கொடிமரத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். கால் வீங்கிக்கொண்டது. அவர் நடை தளர்ந்ததை நாங்கள் கவனிக்கவில்லை, ஏனென்றால் நாங்கள்தான் அவரைப் பார்ப்பதில்லையே. ஒருநாள் காலை அத்தாவுல்லா குப்பத்துக்குள் வந்து, நைனா இன்னும் வரவில்லையே என்று விசாரித்தபோதுதான் போய்க் கதவைத் தள்ளினோம். பாயில் போர்த்திக்கொண்டு கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

வேம்புவுக்குச் சொல்ல பஞ்சாயத்தார் என்னை அனுப்பினார்கள். அவள் வந்து முகம் பார்த்தபின்தான் மூலக்கொத்தளம் மயானத்துக்கு எடுப்பதென்று முடிவு. நான் அடுத்த ரயிலைப் பிடித்து எண்ணூரில் இறங்கிக் கரையோரமாக நடந்தேன். பங்குனி வெயில். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். புன்னங்குப்பத்தார் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். ராயபுரத்து ஆம்பிளை அந்த ஊருக்கு வந்தால் கூடைச் சேதியோடுதான் வருவான் என்று ஆகியிருந்தது. என்னை யாரோ ஒருவன் அடையாளம் கண்டுவிட்டான்.

"ராயபுரத்தாளு வர்றாம்பா! கூடை ஏறிட்ச்சி! இழு, இழு!"

இல்லை இல்லை என்று நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர்களுக்கு அது சீக்கிரம் சீக்கிரம் என்று பட்டிருக்கவேண்டும். தடதடவென்று மரங்களை மேட்டுக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் கருவாட்டை வாரினார்கள். நான் கத்தியது அந்த இரைச்சலில் எடுபடவில்லை.

குடிசைகளுக்கு நடுவிலிருந்து வேம்பு ஓடி வந்தாள். அவசரத்தில் சீவிய தலை, ஒரு கையில் கஞ்சிச் சட்டி, இன்னொரு கையில் அம்மு. அத்தனை சந்தோஷமான ஒரு முகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. என் எதிரில் வந்து மூச்சு வாங்க நின்றாள். என்னைத் தாண்டி நான் வந்த வழியையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நைனா எங்கண்ணே? காலு நோவுதுன்னு மெதுவா வந்துகினு கீறாரா?"